கன்னமும் இலையும்

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் கோபிக்கு நிச்சயதார்த்தம். புதன்கிழமை காலை அவன் வலது கன்னத்தில் பழுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. பெண் அம்சாவுக்கு ஓசூரில் வேலை. அதனால் பெண் பார்த்ததே வீடியோ காலில்தான். முகத்தை மெருகேற்றிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டுதான் கோபி மூன்று மாதமும் பேசியிருந்தான். இந்தப் புள்ளிகளைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ?

நிலக்கடலை போட்டிருந்த அவன் மல்லாட்டைக் கொல்லையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. கன்னத்தைப் படம் பிடித்து ஆன்லைன் மருந்துக்கடைக்கு அனுப்பினான். அங்கே செடியில் புள்ளி விழுந்திருந்த ஓர் இலையையும் படமெடுத்து, ஊரில் எல்லோரும் செய்வதுபோல, பூச்சிமருந்துக் கடை பச்சைமுத்துவுக்கு அனுப்பினான். அனுப்பியதாகத்தான் நினைத்தான்.

ஒரே நிமிடத்தில் டாக்டர் கையெழுத்தோடு மருந்துச்சீட்டு வந்தது. பார்சல் வரத் திங்கள் ஆகும் என்றார்கள். திண்டிவனத்தில் கலைப்பிரியாவின் மெடிக்கலுக்கு ஓடினான்.

"அக்கா, ஜல்தியா குடுங்க."

கலைப்பிரியா போனை வாங்கிப் பார்த்தாள். சீட்டின் மூலையில் நோயாளியின் படம் இருந்தது.

"இது யாருப்பா?"

"நான்தாங்க."

"பச்சையா இருக்கியே?"

கோபி எட்டிப் பார்த்தான். இலை.

"டாக்டர் கையெழுத்து போட்டிருக்காருக்கா!"

"போன்ல பார்த்து எழுதலாம், அதுக்கு விதியெல்லாம் இருக்கு. ஆனா பார்த்து எழுதணும்பா. இத வச்சி நான் மாத்திரை குடுக்க முடியாது."

"இலைக்காவது குடுங்க."

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கு. வெயில்ல நிக்கக் கூடாதாம். உன் செடிகிட்ட போய்ச் சொல்லு."

அந்த நேரம் பச்சைமுத்துவின் குரல்பதிவு வந்தது. "தம்பி, பூஞ்சாணந்தான். மருந்து தர்றேன், வேர் வரைக்கும் நனையிற மாதிரி அடி. கேக்கலன்னா புடுங்கி எரிச்சிடு. பக்கத்துல பரவிடும்."

கோபி கன்னத்தைப் பொத்திக்கொண்டான். கலைப்பிரியா கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேஜாரு பண்ணாத. பெரியாஸ்பத்திரிக்குப் போ."

அங்கே டாக்டரம்மா அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "புதுசா என்ன பூசினே?"

"நிச்சயத்துக்காக... சிவப்பாக்குற கிரீம்."

"தூக்கிப் போடு. ஒரு வாரத்துல தானா போயிடும்."

ஒரு வாரம்! வெள்ளிக்கிழமை மேடையில் கோபி வலது கன்னத்தைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏங்க, இப்டி திரும்புங்க," என்றாள் அம்சா.

"வேணாங்க."

"போன்ல வழவழன்னு இருந்தீங்க. நெஜ ஆள்தானான்னு பயந்துக்கினே பஸ் ஏறினேன். திரும்புங்க."

திரும்பினான். புது ஊரில் இறங்கியவள் தெருக்களைப் பார்ப்பதுபோல் அவள் அந்தப் புள்ளிகளை நிதானமாகப் பார்த்தாள்.

"அரிக்குதா?"

"இப்ப இல்லைங்க," என்றான் கோபி.