கோடிட்ட இடம்

என் வகுப்பில் கோடிட்ட இடத்தைக் காலியாக விட்டால் தலையில் ஒரு குட்டு. தப்பாக எழுதினால்கூட மன்னிப்பேன், காலியாக விட்டால் மாட்டேன். வேலம்பாளையத்தில் பாதிப் பேர் அந்தக் குட்டு வாங்கியவர்கள்தான். வெள்ளியங்கிரியும் வாங்கியிருக்கிறான். இன்று அவன் பனியன் கம்பெனி முதலாளி; வட்டிக்கும் விடுகிறான்.

அறுபத்தேழில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. பள்ளிக்கூட மேனேஜர் கையை விரித்துவிட்டார். மற்ற வாத்தியார்களைப் போலவே நானும் வெள்ளியங்கிரியிடம் போய் நூற்றைம்பது ரூபாய் கேட்டேன். எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்தான். ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டை நீட்டினான்.

"தொகை எழுதலியே கண்ணு?"

"நீங்க கையெழுத்துப் போடுங்க டீச்சர். மிச்சத்த நான் எழுதிக்கறனுங்க. நமக்குள்ள என்னங்க?"

எழுதிவிட்டுக் கொடு என்று சொல்ல வாய் வரை வந்தது. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனைச் சந்தேகப்படக் கூச்சமாக இருந்தது. படித்த கழுதை நான், வளைத்து வளைத்து அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்ப் இரண்டு ஒட்டியிருந்தான். பெரிய தொகைக்குத்தான் இரண்டு ஒட்டுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சம்பளம் வந்ததும் வட்டியோடு கட்டிவிட்டு நோட்டைக் கேட்டேன். "பொட்டிச் சாவி ஊட்டுல இருக்குதுங்க. நாளைக்குக் கிழிச்சுப் போடறனுங்க" என்றான். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். ரசீது கேட்கவும் கூச்சம்.

இரண்டு வருடத்தில் அவன் கம்பெனி என் வீட்டின் பின்சுவர் வரை வந்துவிட்டது. இரண்டு அறை ஓட்டு வீடு. என் வீட்டுக்காரர் சாகும்போது எனக்கும் மகள் மயிலாத்தாளுக்கும் விட்டுப்போனது அது ஒன்றுதான். அங்கே மெஷின் ஓடினால் இங்கே அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். வெள்ளியங்கிரி ஒருநாள் வந்து வீட்டை விலைக்குக் கேட்டான். தர மாட்டேன் என்றேன். "செரிங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டு, வாசலிலிருந்து கிணற்றடி வரை அடி வைத்து எண்ணிக்கொண்டே போனான்.

போன வாரம் கணக்கு வாத்தியார் தங்கவேலு தன் வீட்டை வெள்ளியங்கிரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலி செய்தார். வாங்கியது முந்நூறு, அதையும் கட்டிவிட்டாராம். வெள்ளியங்கிரி காட்டிய நோட்டில் மூவாயிரம் இருந்ததாம். ஆசிரியர் அறையில் எல்லோருமே அவனிடம் கையெழுத்துப் போட்டவர்கள்.

அன்று சாயங்காலமே ஓடினேன்.

"கண்ணு, என்ற நோட்டக் குடுத்துரு."

எழுந்து நின்று அதே நாற்காலியைக் கொடுத்தான். பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை. மேசை டிராயரில்தான் வைத்திருந்தான் பாவி. என் கைக்கு எட்டாமல் பிடித்துக் காட்டினான். நாலாயிரம் ரூபாய். தேதியும் போன மாதத்துத் தேதி. கீழே என் கையெழுத்து.

"அநியாயம்டா. நான் அப்பவே கட்டீட்டனே."

"காலியா உட்டாக் குட்டுவீங்களேங்க டீச்சர். அதான் நெரப்பீட்டனுங்க."

எழுத்து குண்டு குண்டாக, ஒரு பிசிறில்லாமல் இருந்தது. அவன் விரலைப் பிடித்து நான் பழக்கிய எழுத்து.

வீட்டுக்கு வந்தபோது டம்ளர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மயிலாத்தாளைக் கூப்பிட்டு, அவற்றை எடுத்துச் சாக்கில் கட்டி வைக்கச் சொன்னேன்.