நாற்பத்தொன்றாம் கேள்விக்கு விடை

"பிள்ளைக்கு ஒரு அம்மா வேணும். அதுக்கு நான் வேற எங்க போவேன்?" என்றார் அத்தான்.

அவர் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அம்மா டீ தம்ளரை அவர் கைக்கெட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். சின்னவள் வேலைக்குக் கிளம்பியவள், ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றாள்.

"அக்கா துணியெல்லாம் பீரோவுல மடிச்சது மடிச்சபடி இருக்கு. அளவும் ஒண்ணுதானே" என்றார் அத்தான்.

"ஞாயித்துக்கிழமை வாங்க மாப்ளே. நல்ல பதிலாச் சொல்லிடறோம்" என்றாள் அம்மா.

பெரியவள் போய் எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். கேட்டவர்களுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா சொன்னாள்: "அவ அவசரக்காரி. நீ நிதானம். உனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

எப்படியெல்லாம் என்று சின்னவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பேசியதைவிடப் பேசாமல் விட்டதுதான் அதிகம். அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அவளுக்குப் பெண்கள் பள்ளியின் மூலை அறையில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் வந்து இரண்டாவது வருடம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். பரீட்சை புரோகிராமைக் கணக்கு வாத்தியார் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார். கேள்வி, அதற்கு நான்கு விடை, நான்கில் சரியானது எது என்கிற கீ. இவ்வளவையும் தட்டிக் கொடுத்தால் கேள்வித்தாள் அச்சாகி வந்துவிடும். மாணவிகள் பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கிய அட்டைகளைக் கொடுத்தால் மார்க்கும் வரும். பழைய கேள்வித்தாள்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றுவது சின்னவளின் பொறுப்பு.

அன்று மனையியல். நாற்பத்தொன்றாம் கேள்வியில் கை நின்றது.

கணவன் கோபத்தில் கை ஓங்கினால் மனைவி செய்ய வேண்டியது: அ) எதிர்த்துப் பேசுதல். ஆ) பிறந்த வீட்டுக்குச் செல்லுதல். இ) பொறுமையுடன் அமைதி காத்தல். ஈ) அயலாரிடம் முறையிடுதல்.

ஓரத்தில் சிவப்பு மையில் 'இ' என்று எழுதியிருந்தது.

பெரியவள் நான்கையும் செய்து பார்த்தவள். எதிர்த்துப் பேசியதற்கு முன்பல் ஒன்று போயிற்று. பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். அவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளப் பழகினார்கள். பிறந்த வீட்டுக்கு மூன்று முறை வந்தாள். மூன்றாவது முறை அவளைத் திருப்பி பஸ் ஏற்றிவிட்டது சின்னவள்தான். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா" என்றாள். பெரியவள் பஸ் திரும்பும்வரை தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இப்போது பச்சை எழுத்துகளுக்குப் பின்னால் நின்றது.

சின்னவள் கீயைக் காலியாக விட்டு அடுத்த கேள்விக்கு நகரப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது.

"என்னம்மா, எதுக்குக் கத்துறான்?" கணக்கு வாத்தியார் அட்டைக் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கீ போடாம விட முடியாதா சார்?"

"விடமாட்டான். என் மாமியார் மாதிரி. பதில் வாங்காம நகர மாட்டான்."

"நாலுமே தப்பா இருந்தா?"

"அப்ப கேள்வியே தப்பு. ஆனா அதைக் கண்டுபிடிக்கிற புத்தி இவனுக்குக் கிடையாதும்மா. நாம யாரைச் சரின்னு சொல்றோமோ அவன்தான் இவனுக்குச் சரி."

அவள் வெகு நேரம் விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'ஆ' என்று போட்டுவிடலாம். ஆனால் பிறந்த வீடு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் 'ஈ'யை அழித்தாள். அந்த இடத்தில், 'திரும்பி வராமல் வெளியேறுதல்' என்று தட்டினாள். கீ: ஈ.

வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வித்தாளை வைத்தே மனையியல் பரீட்சை நடந்தது. சனிக்கிழமை அட்டைகள் ஓடின.

அந்தப் புரோகிராம் மார்க் போடுவதோடு நிற்காது. ஒவ்வொரு கேள்வியையும் மார்க்கில் முதல் வரிசைப் பெண்கள் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், கடைசி வரிசை எத்தனை பேர் என்று ஒப்பிட்டும் பார்க்கும். கெட்டிக்காரிகள் கோட்டை விட்டதைத் தத்திகள் சரியாக எழுதியிருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். கீ தப்பாக இருக்கலாம் என்று அர்த்தம்.

"நாப்பத்தொண்ணுல நட்சத்திரம்" என்றார் கணக்கு வாத்தியார். "நூத்தித் தொண்ணூறு பேர்ல நூத்தி எம்பத்தாறு பேர் 'இ'. 'ஈ' போட்டது நாலே பேர். நாலும் கடைசி வரிசை."

மனையியல் டீச்சர் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது என் கேள்வியே இல்லையே! யார் கை வெச்சது?"

"நான்தான் டீச்சர்."

டீச்சருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. "உங்கக்கா என்கிட்டப் படிச்சவடி. மனையியல்ல நூத்துக்கு நூறு. அவளைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட 'இ'ன்னுதான் சொல்லியிருப்பா."

"சொன்னா டீச்சர். கடைசிவரைக்கும் அதையேதான் சொன்னா."

கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் திரையைக் காட்டி, "கீயை மாத்துங்க சார். பிள்ளைங்க மார்க் போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

மாற்றினார். அட்டைகள் மறுபடி ஓடின. நான்கு பெண்களுக்கு ஒவ்வொரு மார்க் குறைந்தது. நட்சத்திரம் மறைந்தது. கம்ப்யூட்டர் கத்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குழந்தையை அம்மாவின் மடியில் விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அம்மா சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். சின்னவள் வந்து எதிரே நின்றாள்.

"நான் வரல."

"ஏனாம்?" அத்தான் சிரித்தார்.

"அக்கா படியில விழல."

எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது நடுக்கூடத்தில் வந்து நின்றது. அத்தானின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது.

"என்ன அத்தை, உங்க பொண்ணு என்னென்னமோ பேசறா. சொல்லுங்க அவகிட்ட."

அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரி, அப்ப இதையும் நீங்களே வெச்சுக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று அவர் எழுந்தார். அம்மா இல்லாமல் வளர முடியாது என்று அவர் சொன்ன குழந்தையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வாசல் படலைச் சாத்திக்கொண்டு போனார்.

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அம்மா தன்னைத் திட்டப்போகிறாள், இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று புலம்பப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றாள். "கடைசியா அவளைக் குளிப்பாட்டினவ நான்தானேடி."