இமெல்டா டொக்டர் நிறுத்திய இடம்

வாகரையிலிருந்து அம்புலன்ஸில் வந்த உசாந்தியின் மகனுக்கு அன்றோடு இரண்டு நாள். பிறந்ததிலிருந்து மலம் போகவில்லை. வயிறு ஊதிப் பளபளத்தது. குடித்த பால் பச்சையாகத் திரும்பி வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பாலை நிறுத்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள்.

எக்ஸ்ரே பிரிவின் டொக்டர் இமெல்டா உசாந்தியின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, புள்ளைட குடல் எங்கயோ அடைபட்டிருக்கு. பின்பக்கத்தால, எக்ஸ்ரேயில தெரியிற மருந்த விட்டா இடம் தெரியும். சிலநேரம் அந்த மருந்தே இறுகின மலத்த இளக்கிக் கொண்டுவந்திரும்."

"ஆபத்து இருக்கா, டொக்டர்?"

"இருக்கு. ஊதின குடல் மெல்லிசு, கிழியலாம். மருந்து உடம்புத் தண்ணியயும் குடலுக்குள்ள இழுக்கும். புள்ள குளிர்ந்தும் போகலாம்."

எதையும் மறைக்காமல் சொன்னதே உசாந்திக்குத் தைரியம் தந்தது. கையெழுத்துப் போட்டாள்.

இமெல்டா அவசரப்படவில்லை. சேலைன் போதிய அளவு ஏறும்வரை காத்திருந்தார். அறையின் ஏசியை நிறுத்தச் சொன்னார். சத்திரசிகிச்சை நிபுணர் வினாயகமூர்த்தி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் தொடங்கினார். ஈயக் கவசம் அணிந்த உசாந்தி பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். திரையில் மருந்து நூல்போல ஊர்ந்து ஏறியது. வலப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாப்பமா?" என்றார் வினாயகமூர்த்தி. "அடைப்பு இளகினா ஒப்பரேசன் தேவைப்படாது."

உசாந்தியின் மனமும் அதற்குத்தான் ஏங்கியது.

இமெல்டா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "இல்ல சேர். இதுக்கு மேல தள்ளினா கிழியும். நான் நிப்பாட்டுறன்."

மருந்து விட்ட குழாயை மெல்ல எடுத்தார். குழந்தையை நேரே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். உசாந்தி வாசலிலேயே நின்றாள். கால் உளைந்தும் உட்காரத் தோன்றவில்லை.

மூன்று மணித்தியாலம் கழித்து வினாயகமூர்த்தி வெளியே வந்தார்.

"புள்ள நல்லா இருக்கு. சிறுகுடல்ல ஒரு இடம் பிறக்கக்குள்ளயே மூடிக்கிடந்திருக்கு. எவ்வளவு மருந்து விட்டாலும் திறந்திருக்காது. நான் சொன்னமாதிரி அழுத்தியிருந்தா குடல் கிழிஞ்சிருக்கும். இமெல்டாட கணக்குத்தான் சரி."

அவ்வளவு பெரிய டொக்டர் தன் பிழையைத் தானே சொன்னதை உசாந்தி வியந்து பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலை இமெல்டா வார்ட்டுக்கு வந்தார். அவருக்குச் சொல்ல உசாந்தி எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"விடியக் கக்கா போயிட்டான், டொக்டர்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

இமெல்டா குனிந்து, அந்தச் சிறிய வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.