கெங்கம்மாள் பெட்டி பிடித்த கதை

"இன்னா கெங்கம்மா, ஈ ஓட்டறதுக்குத் தனியா ஆள் வெச்சிக்கினியா, இல்ல நீயே ஓட்டிக்கினு கீறியா?"

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் காதில் விழும்படி சக்கரவர்த்தி இப்படிக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எதிரே இருந்த தன் டீக்கடைக்குள் போய்விட்டான். பொங்கலுக்கு அவன் கடையில் கலர் டி.வி. வந்ததிலிருந்து பேச்சும் கலராகிவிட்டது.

கெங்கம்மாள் கடையிலும் டி.வி. இருந்தது. கறுப்பு வெள்ளை. படம் தெரிகிற நாளிலும் படத்துக்குள் மழை பெய்யும். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் ஊரே எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்க, இவள் பாய்லரில் தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது.

"மாசி முடியறதுக்குள்ள ஆள் ஏறலன்னா மூடிடலாம்" என்று புருஷன் தீர்த்தகிரி சொல்லிவிட்டான். மூடினால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மறுபடியும் புருஷனின் அண்ணன், மச்சாண்டார் கொல்லையில், ஓர்ப்படியின் வாய்க்கு நடுவே சாமைக்குக் களை எடுக்க வேண்டும். பத்து வருஷம் எடுத்த களை. அதை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

டி.வி.யில் மாட்டி ஆடுகிற ஆட்டப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, திருப்பத்தூரில் ஒரு கடை வாசலில் நிற்க இடமில்லை என்று பஸ் கண்டக்டர்தான் சொன்னார். அவரிடமே சொல்லி அனுப்பினாள். அடுத்த புதன்கிழமை ஒருவருக்கு இருவராக வந்து இறங்கினார்கள். திருப்பத்தூரிலிருந்து ரேடியோக்கடை பிலிப்ராஜ், கழுத்தில் சின்னச் சிலுவையோடு. செங்கத்திலிருந்து கோபால்சாமி, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. ஆளுக்கொரு பெட்டி. ஞாயிறு வரை இரண்டும் கடையில் இருக்கட்டும், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம், பெட்டிக்கு விலையாகப் பணத்துக்குப் பதில் புளி என்று பேச்சு.

பிலிப்ராஜின் பெட்டி சிங்கப்பூரிலிருந்து வந்தது. கறுப்பு, பளபளப்பு. மேலே ஒரு பிளவு, அதில் செங்கல் மாதிரி கேசட்டைச் சொருக வேண்டும். "ஒன்ன புடுங்கிட்டு இன்னொன்ன போட்டா வேற ஆட்டம்மா. ஏரோப்ளேன், தவள, செவுரு ஒடைக்கிறது. இதுமாரி இன்னும் நூறு கேசட்டு கீது."

"அந்தக் கேசட்ட கொரங்கு தூக்கிக்கினு போனா?" என்று நுழைந்தார் கோபால்சாமி. அவருடையது வெளிறிய ஆரஞ்சு நிறம், சோற்றுக் கேரியர் கனம்கூட இல்லை. இரண்டு திருகு, அவ்வளவுதான். திருகினால் திரையில் ஒரு குச்சி மேலும் கீழும் போகும், பந்தைத் தட்டும். "நம்பளுது எல்லாம் வயித்துக்குள்ளயே கீது. மொத்தம் நாலு ஆட்டம்."

"நாலும் ஒரே ஆட்டம்ணா. ஒரு தபா செவுரு கீது, ஒரு தபா செவுரு இல்ல."

"யோவ், இது பேட்டரி செல்லுலயும் ஓடும். கரண்ட்டு போனாக்கூட நிக்காது, தெரியுமா?"

"அப்ப டி.வி. எதுல ஓடும்?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

கோபால்சாமி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "டீ நல்லா கீதும்மா" என்றார்.

இருவரும் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காரியம் நடந்தது. கெங்கம்மாளுக்கு மாடு பிடிப்பதில் பேர் உண்டு. செங்கம் சந்தைக்குப் போகிறவர்கள் அவளையும் கூட்டிப் போவார்கள். சுழி பார்ப்பாள், பல் பார்ப்பாள், நடக்க விட்டுப் பார்ப்பாள். மாடு கைமாறினால் அதன் கயிறு, மாட்டை விற்றவனுக்குத்தான் சொந்தம்; வாங்கியவன் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போக வேண்டும். விற்றவன் கயிறோடு வந்த மாடு தங்காது. இது அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆகவே இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றி, நன்றாகச் சுற்றி, வெற்றிலை பாக்கோடும் ஒரு கை புளியோடும் அவரவர் பைக்குள் மரியாதையாக வைத்துவிட்டாள். கடைசி பஸ் அவசரத்தில் இருவரும் பையைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை சைக்கிள் கடைக்குப் போய் மஞ்சளில் ஐந்து முழம், சிவப்பில் ஐந்து முழம் புது ஒயர் வாங்கி வந்தாள். மஞ்சள் எதிலும் நுழையவில்லை. சிவப்பும் நுழையவில்லை. பெட்டிகள் இரண்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தன.

"புது எடமில்ல, மெரண்டு கெடக்குதோ இன்னாவோ. தவுடு காட்டிப் பாரு" என்றான் தீர்த்தகிரி.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் பிலிப்ராஜ் வந்து குதித்தான். கையில் ஒயர், காதில் கண்டக்டர் சொன்ன மாட்டுக்கயிறு கதை. "யம்மா! இது கவுறு இல்லம்மா, கொடலு! கொடலப் புடுங்கிக் கையில குடுத்து அனுப்பிட்டியே!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கெங்கம்மாளுக்கு முகம் சூடாகிவிட்டது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபால்சாமி நேரில் வரவில்லை. அவருடைய ஒயரைச் செங்கம் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சேதி: "மூக்கணாங்கவுறும் ஒன்னு சேத்து அனுப்பட்டுமான்னு கேக்கச் சொன்னாரு."

பெஞ்சில் இருந்த இரண்டே பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் ஒயரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சிங்கப்பூர்ப் பெட்டியை ஓட்டினாள். அழகான பெட்டிதான், அதில் சந்தேகமே இல்லை. ஏரோப்ளேன் சுட்டது, தவளை ரோட்டைத் தாண்டியது, சத்தம் பஸ் நிற்கிற இடம் வரை கேட்டது. பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஆட முடியும். ரேஞ்சர் ஆபீஸ் வாட்ச்மேன் கைப்பிடியைப் பிடித்தவர் முக்கால் மணி நேரம் விடவில்லை. மற்றவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள், பிறகு கலர் டி.வி.க்குப் போய்விட்டார்கள். வாட்ச்மேனும் டீ கேட்கவில்லை. கேட்டால் கையை எடுக்க வேண்டுமே. சாயங்காலம் கொல்லைகளில் மோட்டார் போட்டார்கள், கரண்ட் இறங்கியது, ஏரோப்ளேன் முதல் இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. வாட்ச்மேன் அழாத குறைதான்.

சனிக்கிழமை ஆரஞ்சுப் பெட்டி. "இன்னாம்மா இது, கோடும் புள்ளியும்?" என்று முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். தீர்த்தகிரி ஒரு திருகைப் பிடித்தான், வாட்ச்மேன் மற்றொன்றை. இரண்டு நிமிஷம் கழித்து இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கடை இரண்டு கட்சியாகிவிட்டது. "மேல தூக்கு, மேல தூக்குடா!" "அட, உட்டான் பாரு!" வாட்ச்மேன் தோற்றார், ஜெயித்த கட்சிக்கு அவர் செலவில் டீ. தோற்ற கட்சிக்குத் தொண்டை காய்ந்துவிட்டது, அதற்கும் டீ. கரண்ட் இறங்கியபோது, பெட்டி பேட்டரி செல்லில் ஓடியதால், பந்து லேசாக மங்கியதோடு சரி. நிற்கவில்லை.

பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற கெங்கம்மாள் திரையைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் வியாபாரிகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். பிலிப்ராஜ் புதிதாக ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தான். கோபால்சாமி உள்ளே வரும்போதே, "இன்னாம்மா, மாடு பால் கறக்குதா?" என்றார்.

"ஒங்க பெட்டிய வெச்சிக்கிறேங்க" என்றாள் கெங்கம்மாள்.

கோபால்சாமியே நம்பவில்லை. தீர்த்தகிரி அவளைத் தனியே இழுத்தான். "ஒன்ன மூக்கணாங்கவுறுன்னு கேலி பண்ணவன் பெட்டியா? அந்தப் பையன் பஸ் ஏறி வந்து ஒயர் குடுத்தானே!"

"வியாபாரிய புடிக்கவா சொன்னாங்க, பெட்டியத்தான புடிக்கச் சொன்னாங்க?"

பிலிப்ராஜ் முகம் தொங்கிவிட்டது. "யம்மா, நீயே நாயம் சொல்லு. எம்பெட்டியில இன்னா கொற?"

"ஒரு கொறையும் இல்லப்பா. நல்ல சாதி. ஒரு வூட்டுல, தனியாக் குந்திக்கினு ஆடறவங்களுக்கு அதுமாரி கெடைக்காது. ஆனா அது ஒத்த மாடு. எனக்கு ரெண்டு பேரப் பூட்டி இழுக்கணும், பின்னாடி பத்து பேரு கத்திக்கினு வரணும். திருப்பத்தூரு டாக்டரு வூட்டுக்குக் குடு, கண்ணுல ஒத்திக்குவாங்க."

அவன் தலையைச் சொறிந்தான். பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டினான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "அப்பிடி இன்னாதான் கீது அதுல, பாக்கலாம்" என்று ஒரு திருகுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"வாடா தம்பி, செங்கத்துக்காரன் கை இன்னான்னு காட்றேன்" என்று கோபால்சாமி மற்றதைப் பிடித்தார்.

ஐந்தரை மணிக்கு எதிர்க்கடையில் படம் ஆரம்பித்தது. அதற்குள் இங்கே ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கோபால்சாமியின் மூன்று பேனாவும் கீழே கிடந்தன. இருவருடைய பஸ்களும் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. சேம்பரை ஊர்க்காரர்கள் செங்கத்துப் பக்கம், விறகு லாரிக்காரர்கள் திருப்பத்தூர்ப் பக்கம். பெஞ்சு போதாமல் வாசலில் பால் கேன்மேல் ஏறி நின்றார்கள். படம் பார்க்கப் போனவர்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். கெங்கம்மாளுக்கு டம்ளர் கழுவக்கூட நேரம் இல்லை. தீர்த்தகிரியே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கழுவ உட்கார்ந்துவிட்டான்.

கூட்டத்தின் நடுவே எதிர்க்கடை டீ மாஸ்டர் சுப்பிரமணி இருந்தான். பாதி டீ ஆற்றும்போது ஓடிவந்திருக்க வேண்டும், கையில் வடிகட்டி சொட்டிக்கொண்டிருந்தது. "பிலிப்பு, உடாத! கீழ, கீழ, கீழ!" என்று வடிகட்டியை ஆட்டி ஆட்டிக் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் சட்டையெல்லாம் டீ.

அப்போதுதான் சக்கரவர்த்தி வாசலில் வந்து நின்றான். அவன் கடையில் கலர் டி.வி. காலி பெஞ்சுகளுக்குப் படம் காட்டிக்கொண்டிருப்பது ரோட்டைத் தாண்டித் தெரிந்தது.

"அண்ணே, குனிங்க, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சக்கரவர்த்தி குனிந்தான். குனிந்தபடியே திரையைப் பார்த்தான். பந்து போனது, வந்தது, போனது. அவன் தலையும் கூடவே போய் வந்தது. கெங்கம்மாள் ஒரு டம்ளர் டீயை நிறைய நுரையோடு ஆற்றி அவன் முன்னால் நீட்டினாள். "குடிங்கண்ணே. சர்க்கர தூக்கலாப் போட்டுகீறேன்."

டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். டம்ளரை வாங்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தான். சுப்பிரமணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தள்ளு, தள்ளு, பதிமூணு ஆவப்போவுது" என்றான். சக்கரவர்த்தி அவன் கையிலிருந்த வடிகட்டியை மெதுவாக உருவி எடுத்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மீதி டீயைத் தானே ஆற்ற, ரோட்டைத் தாண்டித் தன் கடைக்குப் போனான்.