பதினோரு கைலிகளும் ஒரு புல்தரையும்

மே மாதம் ஐந்தாம் தேதி, பம்பாய் செம்பூரில் எங்கள் சொசைட்டி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஏரிகளில் தண்ணீர் இறங்கிவிட்டதாம், அதனால் குழாயில் ஹோஸ் மாட்டித் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாதாம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி கேஷவ் வந்து பார்ப்பார். காய்ந்துபோன புல்தரை எதுவானாலும் அங்கே கல் பதித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் புல்தரை வைத்திருப்பது நான் ஒருத்திதான். பெயர் போடாமல் எனக்கே எழுதிய கடிதம் அது.

இருபத்தெட்டு வருஷம் தாராவியில் ஒற்றை அறையில் இருந்துவிட்டு, செம்பூருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்தத் தரைத்தள வீட்டைப் பார்த்தபோது ஆளாளுக்கு ஆயிரம் குறை சொன்னார்கள். நான் வாசலில் இருந்த பத்தடிப் புல்லில் வெறுங்காலோடு நடந்தேன், இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குப் புல்லின் மேல் ஆசை வந்தால் கிறுக்கு என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தண்ணீர் இல்லை என்றால் தாராவிக்காரி பயப்படுவாளா? ஒரு குடத்தை மூன்று வேலைக்கு ஓட்டியவள் நான். தொழுகைக்கு முன் நானும் என் வீட்டுக்காரரும் ஒளு செய்யும் இடத்தில் ஒரு டப் வைத்தேன். கையும் முகமும் காலும் கழுவிய தண்ணீர், சோப்பு படாதது. ஆளுக்கு ஐந்து வேளை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் அதில் சேர்ந்தது. மாடி வீட்டுக் கோமதியம்மாள் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்துக் கயிற்றில் இறக்கினாள். தினமும் தெளிக்காமல், சேர்த்து வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் மண் ஊறும்படி ஊற்றினேன். புல்லை வெட்டவும் இல்லை. அது நெடுநெடுவென்று வளர்ந்து தன் வேருக்குத் தானே நிழல் போட்டுக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நஜிமுதீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர், ஓரம் சீராக இல்லாத எதைக் கண்டாலும் கை பரபரக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நான் மாட்டுங்காவுக்குச் சாமான் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மனுஷர் தோல் வெட்டும் கத்தரிக்கோலோடு நிற்கிறார். புல்லை மண் தெரிய மொட்டை அடித்து வைத்திருந்தார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய?” என்று கத்தினேன்.

“பிள்ளைக்கு ஏழாம் நாள் மொட்டை எடுத்தா முடி அடர்த்தியா வரல்லியா மதீனா? அது மாதிரிதான். பாரு, மெத்தை கணக்கா நிக்கும்.”

“பிள்ளைய மொட்டையடிச்சு மே மாச வெயில்லயா கொண்டு போடுவாவ?”

மூன்றாம் நாள் புல் மஞ்சளானது, ஐந்தாம் நாள் பழுப்பானது. சமையலறையில் நின்று, வெங்காயம் நறுக்காமலே அழுதேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அலமாரியிலிருந்த தன் கைலிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மறுநாள் பதினோரு கைலிகளும் ஒரே துணியாகத் தைக்கப்பட்டு வந்தன. வெட்டிய புல்லைக் குப்பையிலிருந்து திரும்ப எடுத்து மண்மேல் பரப்பினார். ஜன்னல் கம்பிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையே, மேலே கட்டம் போட்ட கைலிப் பந்தல் கட்டினார். வெயில் ஏறும்போது விரிப்பதும் இறங்கும்போது சுருட்டுவதுமாக இருந்தார். வீட்டில் பேண்ட் போட்டு நான் பார்த்தேயிராத மனுஷர், அந்தப் புழுக்கத்தில் பேண்டோடு வியர்த்து வழிந்துகொண்டு அலைந்தார்.

“ஏ மைனி, அண்ணாச்சி வேலைக்கு இண்டர்வியூவுக்குப் போறாவளா?” என்று மாடியிலிருந்து கோமதியம்மாள் கேட்டாள். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கேஷவ் அளக்கும் டேப்போடு வந்தார், பின்னால் பாதிக் கட்டடமும் வந்தது. பந்தலைச் சுருட்டினோம். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் பச்சை, மற்றதெல்லாம் பழுப்பு.

“யே தோ மர் கயா, பாபி,” என்றார் கேஷவ். செத்துவிட்டதாம்.

“சாகல்ல,” என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பிறகு இந்தியில் சொன்னார்: செத்த புல் என்றால் கையோடு வந்துவிடும், நீங்களே இழுத்துப் பாருங்கள். தினமும் காலையில் அவர் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன், கோபத்தில் ஏனென்று கேட்கவில்லை.

கேஷவ் நல்ல கனத்த ஆள். குனிந்து ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்து இழுத்தார். நுனி மட்டும் அறுந்து கையில் வந்தது, அவர் பின்பக்கமாய்ப் பொத்தென்று விழுந்தார். முதலில் சிரித்தது அவர்தான், அப்புறம் கட்டடமே சிரித்தது. பழுப்பை விரலால் விலக்கிப் பார்த்தார். அடித்தண்டில் பச்சை இருந்தது, மண் ஈரமாக இருந்தது.

“மழை வந்தால் எழுந்துவிடும்,” என்று கேஷவ் இந்தியில் சொல்லி, டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். “கல் வேண்டாம்.”

எல்லாரும் கலைந்தார்கள். கேஷவ் மட்டும் எழுந்திருக்கவில்லை, உள்ளங்கையைக் குளிர்ந்த மண்ணில் பதித்தபடி கொஞ்ச நேரம் இங்கே உட்காரட்டுமா என்று என்னிடம் கேட்டார். இந்தப் பம்பாயில் நான் நின்ற இடத்திலெல்லாம் எப்போது நகர்வாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். என் இடத்தில் உட்கார ஒருவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

“உக்காருங்க,” என்றேன், சத்தமாக.