நீல ட்ரம்

காலை பத்தரைக்கு மலர்கொடி எக்ஸ்எல் வண்டியின் பின்னால் நீல ட்ரம்மை ஏற்றிக் கயிறு கட்டும்போதே கொட்டகையில் மூன்று மாடுகளும் எழுந்து நின்றுவிட்டன. ட்ரம் கம்பியில் இடிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினைந்து நாளாகிறது. அது கேட்டால் கொஞ்ச நேரத்தில் தின்ன பார்லிச் சக்கை வரும் என்று அவற்றுக்குத் தெரியும். செவலை ஒருமுறை கத்தியது. வருகிறேன் இரு என்று அதனிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தாள். சந்தோஷமாகக் கிளம்பியிருக்க வேண்டிய நாள். ஆனால் இந்தப் பதினைந்து நாளில் அவளுக்குள் ஏதோ மரத்துப் போயிருந்தது. நல்ல செய்தி வந்த பிறகும் அது விடவில்லை.

செய்தி முந்தின நாள் மதியம் வந்தது. மதகு ப்ரூவரி ஆபீஸிலிருந்து ஆஷிகா என்ற பெண் பேசினாள். நாளைக்குப் பத்தாம் ஆண்டு விழா, கிளமென்ட் சார் உங்களைக் கட்டாயம் வரச் சொன்னார், அந்தப் பழைய நீல ட்ரம்மை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்றாள். ட்ரம்மைக் கொண்டுவரச் சொன்னால், நிறுத்திய சக்கையைத் திரும்பக் கொடுக்காமல் வேறு எதற்கு? மலர்கொடி உடனே மாட்டுத் தரகர் யூனுஸுக்குப் போன் போட்டு, செவலையைப் பார்க்க வியாழக்கிழமை வர வேண்டாம், விற்கவில்லை என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லும்மா என்று அவர் இரண்டு முறை சொன்னார். அவள் யோசிக்கவில்லை.

அவள் வீட்டுக்கும் ப்ரூவரிக்கும் நடுவே வயலும் ஒரு வாய்க்காலும்தான். வாய்க்காலுக்கு இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை காரைக்கால். இந்தக் கரையில் ஒருவன் தன் பாட்டுக்கு பீர் காய்ச்சினால் போலீஸ் வரும். அந்தக் கரையில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு காய்ச்சலாம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த கிளமென்ட், தன் அப்பாவின் பழைய நெல் குடோனில் இரண்டு எவர்சில்வர் கொப்பரைகளை வைத்து ஆரம்பித்தான். பார்லியை வேகவைத்துச் சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை வாய்க்காலில் கொட்டினான். மூன்றாம் நாள் ஊரே நாறியது. சண்டை போடத்தான் மலர்கொடி போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறக்கும் நேரத்தில், பின்னாலேயே வந்த அவளுடைய மாடு, செவலையின் தாய், வாய்க்காலில் இறங்கி அந்தச் சக்கையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் எங்கே சண்டை போடுவது?

"டெய்லி வந்து எடுத்துக்கங்கக்கா. இந்த ப்ரூவரி இருக்கறவரைக்கும் சக்க உங்களுக்குத்தான்" என்றான் கிளமென்ட். நீல ட்ரம்மைக் கொடுத்ததும் அவன்தான்.

கம்பெனி வளர்ந்த கதையை யாராவது கேட்டால் அவள் ட்ரம்மை வைத்துத்தான் சொல்வாள். முதல் வருடம் இரண்டு நாளைக்கு ஒரு ட்ரம். மூன்றாம் வருடம் தினம் ஒன்று. பாட்டிலில் அடைக்க ஆரம்பித்த பிறகு தினம் இரண்டு நடை, மிச்சத்தை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டரில் அள்ளிப் போனார்கள். மலர்கொடி வீட்டு மாடு சாயங்காலமானால் பாட்டுப் பாடுகிறதாமே என்று ஊரில் கேலி செய்தார்கள். செக்போஸ்ட்டுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற ஒவ்வொரு போலீஸ்காரரும், அடியில் பாட்டில் இருக்கும் என்று ட்ரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்பார். அதற்கென்றே அவள் வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தாள். மகள் குந்தவை தஞ்சாவூரில் நர்ஸிங் இரண்டாம் வருடம் வரைக்கும் வந்தது இந்த மூன்று மாட்டுப் பாலில்தான்.

போன வருடம் வெளியூர்ப் பங்குதாரர்கள் வந்தார்கள். பின்னாலேயே சக்கையைக் காயவைக்கும் மிஷின் வந்தது. பதினைந்து நாளுக்கு முன்னால் வாட்ச்மேன் சிவசாமி அவளை கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் சக்கை தீவனக் கம்பெனிக்குப் போகிறது என்றார். வீட்டில் மாடுகள் தவிட்டையும் புண்ணாக்கையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. பால் பாதியாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்றைக்கு சிவசாமி கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு சுவர் முழுக்கப் படங்கள். பழைய குடோன், கொப்பரைகள், முதல் பாட்டில். நடுவில் ஆள் உயரத்துக்கு மலர்கொடி, பத்து வயது இளையவளாக, ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்ததை ஆஷிகா படித்துக் காட்டினாள். எங்களிடம் எதுவும் வீணாவதில்லை என்று இருந்தது. யாரோ தெரிந்தவளைப் பார்ப்பதுபோல மலர்கொடி அந்தப் படத்தைப் பார்த்தாள்.

கிளமென்ட் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் தாடியில் நரை விழுந்திருந்தது. அவள் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"சக்க நிறுத்திட்டாங்களே தம்பி. இன்னையிலேர்ந்து உண்டுதானே?"

"இப்ப எல்லாம் என் கையில இல்லக்கா. அவங்கதான் முடிவெடுக்கறாங்க. நான் பேசிப் பாக்கறேன்" என்றான். பிறகு, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? அதே மாதிரி, ட்ரம்மோட" என்றான்.

போட்டோகிராபருக்குக் காலி ட்ரம் பிடிக்கவில்லை. இரண்டு பேர் தள்ளுவண்டியில் சக்கையைக் கொண்டுவந்து ட்ரம் நிறையக் கொட்டினார்கள். ஆவி பறந்தது. ஒரு பிடி அள்ளுங்கள் என்றார் போட்டோகிராபர். அள்ளினாள். சிரிக்கச் சொன்னார். கை மட்டும் சுட்டது.

எல்லோரும் கேக் வெட்டப் போனதும் அவள் ட்ரம்மை வண்டிப் பக்கம் நகர்த்தப் பார்த்தாள். அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவர்களில் சின்னவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இது தீவனக் கம்பெனிக்கு எட போட்டதுக்கா. லாரி நிக்குது."

ட்ரம்மைச் சாய்த்து மண்வெட்டியால் வழித்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டார்கள். கேக் பக்கத்தில் நின்ற கிளமென்ட் இந்தப் பக்கம் பார்த்தான். பார்த்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிக்கொண்டான்.

செக்போஸ்ட்டில் புதிய போலீஸ்காரர் ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கையை விடாமலே போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மாடுகளும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. அவள் கயிற்றை அவிழ்த்து ட்ரம்மை இறக்கி, கழுவலாம் என்று தரையில் சாய்த்தாள். முளைக்குச்சியில் கட்டியிருந்த செவலை கயிறு எட்டின மட்டும் வந்து, தலையை ட்ரம்முக்குள் கொம்பு வரைக்கும் நுழைத்துக்கொண்டது. மண்வெட்டி வழிக்காமல் விட்டது கொஞ்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே நாக்கு உரசும் சத்தம் பெரிதாகக் கேட்டது. மற்ற இரண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. போனில் தரகர் யூனுஸின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, ட்ரம் உருண்டுவிடாமல் மலர்கொடி அதைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.