கண்டுக்காதீங்க

ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்தத் தெரபிஸ்டுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. வேலையில் கெட்டிக்காரிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால், பட்டுவின் அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டியபோதும் அப்படித்தான் நடந்தது.

"இந்தச் சொட்டு மருந்து குடுத்தா ஆட்டிசம் குறையும்னு ஒருத்தர் சொன்னாரு மேடம். குடுக்கலாமா?"

"ஐயோ, நீங்களுமா! படிச்சவங்கதானே நீங்க?" என்று தெரபிஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் அசடு வழியச் சிரித்துவிட்டு பாட்டிலை உள்ளே போட்டுக்கொண்டாள். அதில் என்ன கலந்திருக்கிறது, எதனால் கொடுக்கத் தோன்றுகிறது என்று தெரபிஸ்ட் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாதாமாதம் நிரப்பும் படிவத்தில் 'வேறு மருத்துவம் ஏதேனும்?' என்ற வரிக்கு நேராக, அம்மாவைக் கேட்காமல் தானாகவே 'இல்லை' என்று எழுதி வந்தாள் மகராசி.

ஆறு வயதுப் பட்டுவுக்குப் பேச்சு வராது. கொஞ்ச நாளில் உட்கார்ந்த இடத்தில் வீறிட ஆரம்பித்தாள், மேசையை உதைத்தாள். அம்மா பதறிப்போனாள்.

"எல்லாம் நம்ம கவனத்தை இழுக்கத்தான்," என்றாள் தெரபிஸ்ட். "கத்தினா கண்டுக்காதீங்க. திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. தானா நின்னுடும்."

மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. தெரபிஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. கத்தலைக் குறித்துவைத்த அட்டவணையை உடன் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டாள்.

நேற்று தெரபிஸ்டுக்கு டாக்டர் போன் செய்தார். பட்டு ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். அந்தச் சொட்டு வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேலாகவே வலித்திருக்கும்.

"உங்க படிவத்துல வேற மருந்து இல்லைன்னு போட்டிருக்கே?" என்று டாக்டர் கேட்டார்.

இன்று ஆஸ்பத்திரிக்கு வந்த தெரபிஸ்டைப் பார்த்ததும் அம்மா கட்டிலருகிலிருந்து எழுந்து நின்றாள். "தப்பு பூரா என்னுதுதான் மேடம். நீங்க அப்பவே வேணாம்னீங்க. திட்டுவீங்களேன்னு மறைச்சுக் குடுத்துட்டேன்."

அடேயப்பா, எவ்வளவு வசதியான பேச்சு! 'பரவாயில்ல, விடுங்க' என்று சொல்லிவிட்டு நல்ல பேரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. தன்னை நினைத்து அவளுக்கே கூசியது.

"நான் வேணாம்னு சொல்லல. சிரிச்சேன்," என்றாள். "அதனாலதான் நீங்க மறைச்சீங்க. இன்னொண்ணும் இருக்கு. அவ கத்தினது கவனத்துக்கு இல்ல, வலி தாங்காம. நான்தான் கண்டுக்காதீங்கன்னேன்."

அம்மாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப்போனது.

"என் கையைப் பிடிச்சு இழுத்து இழுத்து வயித்துல வச்சா," என்றாள் மெதுவாக. "நீங்க சொன்னீங்களேன்னு, ஒவ்வொரு தடவையும் கையை உருவிக்கிட்டேன்."



நர்ஸ் வந்து ஊசி போட்டாள். பட்டுவின் கண்களில் நீர் முட்டியது, இரண்டு கைகளும் போர்வையை இறுக்கிப் பிடித்தன. தொண்டையிலிருந்து சின்ன முனகல்கூட வரவில்லை.

"அட, என்ன சமத்து! பெரியவங்களே ஊரைக் கூட்டுவாங்க," என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அம்மா குனிந்து மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அழுடா கண்ணு. வலிச்சா கத்துடா. அம்மா பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒரே ஒரு தடவை கத்துடா," என்று கெஞ்சினாள்.

பட்டு கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.